காஹாங்கிலிருந்து வந்த கோடிச் சேலை

என் ஆசை அண்ணே, வேலாயுதம் அண்ணே,

முதல்ல ஒரு சேதி சொல்லிடறேன், மத்ததெல்லாம் அப்புறம். அண்ணி ஊர்ல இல்ல. பொறந்த வீட்டுக்குப் போயிருக்காங்க.

இதைப் படிச்சதும் கண்ணாடியக் கழட்டித் தொடச்சிட்டு மறுபடியும் படிப்பீங்க, எனக்குத் தெரியும். "பாக்கியத்துக்கு ஏது ருக்கு பொறந்த வீடு?"ன்னு கேப்பீங்க. இருக்குண்ணே. இப்ப இருக்கு. காஹாங்குல, செம்பனைத் தோட்டத்துக்குப் பக்கத்துல, வாசல்ல ரம்புத்தான் மரம் நிக்கிற வீடு. அதை நீங்கதான் தேடிக் குடுத்துட்டுப் போயிருக்கீங்க, உங்களுக்கே தெரியாம. அந்தக் கதையச் சொல்லத்தான் உக்காந்தேன்.

இந்தக் கடிதத்தப் பத்திரிகைக்காரங்க கேட்டாங்க. "பஞ்சு மாமாவுக்கு மரகதம் எழுதினா எல்லாரும் படிப்பாங்கம்மா"ன்னாங்க. படிக்கட்டும், ஒட்டுக் கேக்கட்டும். நான் பேசறது உங்ககிட்டதான். ஆனா புதுசா படிக்கிறவங்களுக்காக நடுநடுவுல கொஞ்சம் விளக்கம் சொல்லுவேன். "எனக்கே என் கதையச் சொல்றியா"ன்னு கோவிச்சுக்காதீங்க.

அவங்களுக்காகச் சொல்றேன். இவர் என் கூடப் பொறந்த அண்ணன் இல்ல. செனாய்ல பேக்டரி பஸ் ஓட்டிக்கிட்டிருந்தவர். நான் உலு திராம்ல பாலர் பள்ளி டீச்சர். 'நாலாவது மாடி'ங்கிற நகைச்சுவை நாடகத்துல அவர் பஞ்சு மாமா, நான் அவர் பொண்டாட்டி மரகதம். எந்த வாரம் பாத்தாலும் நாங்க குடியிருக்கிற பிளாட்டுல லிஃப்ட் ரோசாக், வேலையே செய்யாது. நாலு மாடி ஏறி, நாக்குத் தள்ளி, கதவுல சாஞ்சு நின்னு, "மரகதம்... தண்ணி!"ம்பாரு. நான் உள்ளேயிருந்தே, "வெறும் தண்ணியா, தேத்தண்ணியா?"ம்பேன். அவ்வளவுதான். இதுக்குப் போயி ஒரு நாடே சிரிச்சுது.

அந்த வசனம் ஸ்கிரிப்ட்ல கெடையாதுன்னு எத்தனை பேருக்குத் தெரியும்?

என் முதல் நாள் அது. எனக்குக் குடுத்த வசனம் என் கை நீளம் இருந்துச்சு. பஸ்ல வரும்போது மூச்சு விடாம ஒப்பிச்சேன். லைட்டப் போட்டாங்க, மண்டையில ஒண்ணுமே இல்ல. நீங்க கதவுல நின்னு தண்ணி கேட்டீங்க. நான் முழிக்கிறேன். நீங்க கண்டுபிடிச்சிட்டீங்க. இன்னும் கொஞ்சம் மூச்சு வாங்குனீங்க. நெஞ்சப் புடிச்சீங்க. செருப்பக் கழட்டி அதால விசிறிக்கிட்டீங்க. எனக்கு நேரம் வாங்கிக் குடுக்கிறீங்கன்னு அப்ப எனக்குப் புரியவே இல்ல. கடைசியில, எங்க வீட்டுக்காரர் வேலை முடிஞ்சு வந்தா தினமும் என்ன கேப்பேனோ அது தானா வாயில வந்துடுச்சு. டைரக்டர் கட் சொல்லப் போனாரு. நீங்க விடல. "நாலு மாடி ஏறுனவன்கிட்ட கேக்குற கேள்வியா இது? ரெண்டையும் கொண்டா!"ன்னு ஒரு போடு போட்டீங்க. கேமராவுக்குப் பின்னாடி இருந்தவங்க வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாங்க.

வேற யாராச்சும் இருந்தா அந்த வசனத்தத் தன்னோடதுன்னு சொல்லிட்டுப் போயிருப்பாங்க. நீங்க பேட்டி குடுத்த எடத்துலயெல்லாம், மாலை போட்ட மேடையிலயெல்லாம், "அது என் தங்கச்சி ருக்கு போட்டது, நான் கதவுல நின்னதோட சரி"ன்னீங்க. ஒரு தடவ கூட மறக்கல. இதுக்கு நான் உங்களுக்கு நேருக்கு நேரா நன்றி சொன்னதா ஞாபகம் இல்ல. இப்பச் சொல்றேன். நன்றிண்ணே.

டிவியில வந்துட்டா பெரிய ஆளுன்னு ஜனங்க நெனைக்கிறாங்க. நீங்க ரிட்டையர் ஆகுற வரைக்கும் பஸ்ஸ விடல. கோயில் திருவிழா மேடையில பொம்பள வேசம் கட்டி ஆரம்பிச்ச ஆளு. ரேடியோ நாடகத்துல கதவு தட்டுற சத்தம் குடுத்த ஆளு. தீபாவளி நிகழ்ச்சியில ஒரே ஒரு நிமிசம் தலையக் காட்டி, அதுலயே சிரிக்க வச்சு, அப்புறம்தான் பஞ்சு மாமா ஆனீங்க. ஆனாலும் காலையில அந்த பஸ் ஸ்டியரிங்கப் புடிக்கலன்னா உங்களுக்கு வசனமே வராது.

ஏன்னு எனக்கு மட்டும்தான் சொன்னீங்க. காலை ஷிப்டுக்குப் போற பொண்ணுங்க, தூக்கம் கலையாத மூஞ்சியோட ஏறுவாங்க. புது வசனத்த நீங்க அவங்ககிட்டதான் போட்டுப் பாப்பீங்க. சும்மா பேசுற மாதிரி பேசிட்டு, மேலே இருக்கிற கண்ணாடியில பின்னாடி பாப்பீங்க. செனாய் சிக்னல் வர்றதுக்குள்ள ஒருத்தியாவது சிரிக்கலன்னா அந்த வசனம் குப்பைக்குப் போயிடும். "இதுங்க சிரிச்சிட்டா போதும் ருக்கு, வீட்டுல சோபாவுல சாஞ்சிருக்கிறவன் சிரிக்காம எங்க போவான்?"ம்பீங்க. அந்தப் பொண்ணுங்க இப்ப பேரன் பேத்தி எடுத்திருப்பாங்க. மலேசியா சிரிச்ச சிரிப்ப முதல்ல சிரிச்சது நாமதான்னு அவங்களுக்குத் தெரியுமா?

கோலாலம்பூருக்கு ஷூட்டிங் போற பஸ் ஞாபகம் இருக்கா? எனக்கும் உங்களுக்கும் சேத்து அண்ணி புளிச்சோறு கட்டிக் குடுப்பாங்க. வாழையிலையில தனித்தனியா. என் பொட்டலத்துல மட்டும் நெத்திலி சம்பல் அதிகமா இருக்கும். நீங்க எட்டிப் பாத்துட்டு, "பாரேன், கட்டுன புருசனுக்கு ரெண்டு நெத்திலி, நாத்தனாருக்கு ஒரு படகு நெத்திலி"ன்னு மொனகுவீங்க. பக்கத்து சீட்டுக்காரங்க, "அலமாக், டிவியில மாதிரியேதான் இருக்காங்க லா, புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும்"னு சொல்லுவாங்க. நாம ரெண்டு பேரும் தலையில அடிச்சுக்குவோம்.

ஆமா, ஜொகூர் முழுக்க அப்படித்தான் நெனச்சுது. பாசார் மாலாம் ராத்திரிச் சந்தைக்குப் போனா, கோயிலுக்குப் போனா, சாயாக்கடை பாய் கடைக்குப் போனா, நீங்களும் நானும்தான் ஜோடி. அண்ணி பக்கத்துல நின்னா, "அமோய், டோலோங், ஒரு பிச்சர் எடுத்துக் குடுங்க"ன்னு செல்போன அவங்க கையில குடுத்துடுவாங்க. எனக்கு வாய் துருதுருன்னு வரும், "அடேய், அவங்கதான்டா பொண்டாட்டி"ன்னு. அண்ணி எனக்குக் கண்ணடிப்பாங்க. சும்மா இருங்கிறது அதுக்கு அர்த்தம். அப்புறம் சுத்தத் தமிழ்ல, "கொஞ்சம் ஒட்டி நில்லுங்க, மரகதம் இன்னும் சிரிக்கலியே"ம்பாங்க. படம் கேட்டவனுக்கு மயக்கமே வந்துடும். இத்தனை வருசத்துப் படத்துல ஒண்ணுல கூட அண்ணி இல்ல. எல்லாத்தையும் எடுத்தது அவங்க.

படிக்கிறவங்களுக்குச் சொல்றேன். எங்க பாக்கியம் அண்ணி பொறப்புல சீனப் பொண்ணு, அதான் அந்த 'அமோய்'. பச்சைப் புள்ளையா இருந்தப்ப, காஹாங் பக்கத்து ரப்பர் தோட்டத்துல பால் மரம் வெட்டுற ஒரு தமிழ்க் குடும்பம் எடுத்து வளத்துச்சு. பாக்கியம்னு பேரும் அவங்க வச்சதுதான். பெத்தவங்க யாருன்னு அண்ணிக்குத் தெரியாது. வளத்தவங்க ரெண்டு பேரும் அண்ணிக்குக் கல்யாணம் ஆன கொஞ்ச காலத்துலயே போயிட்டாங்க. கூடப் பொறந்தவங்கன்னு யாருமில்ல. தோட்டமும் கைமாறி, ஜனங்க மூலைக்கு ஒருத்தரா போயிட்டாங்க.

நாடகத்துல ஒரு தடவ பக்கத்து வீட்டுக்குச் சீனத்தி பாத்திரம் ஒண்ணு வந்துச்சு. தமிழக் கொதறிக் கொதறிப் பேசணும், ஜனங்க சிரிக்கணும், அதான் ஐடியா. நீங்க ஸ்கிரிப்ட்ட மேசையில வச்சீங்க. குரல ஒசத்தல. "என் பொஞ்சாதி பேசுற தமிழு உங்க யாருக்காவது வருமா? வந்தா இத நடிக்கிறேன்"னீங்க.  அடுத்த வாரம் அந்தச் சீனத்திதான் பிளாட்டுலயே நல்ல தமிழ் பேசுறவ, பஞ்சு மாமாவுக்கே வார்த்தை சொல்லிக் குடுக்கிறவ. அதுக்கு ஜனங்க இன்னும் அதிகமா சிரிச்சாங்க. கறுப்பு, குண்டு, வழுக்கைன்னு ஒருத்தர் ஒடம்ப வச்சு நீங்க சிரிப்பு காட்டுனதே இல்ல. சிரிப்பு வேணும்னா உங்க மூச்சத்தான் வாங்குனீங்க.

இன்னொண்ணும் பண்ணீங்க. அதுதான் இந்தக் கதைக்கு முக்கியம். மரகதம் புருசனோட சண்டை போட்டுட்டுப் பையத் தூக்கிக்கிட்டு கெளம்பணும், அதுக்கு ஒரு பொறந்த ஊரு வேணும்னு டைரக்டர் கேட்டாரு. நீங்க ஒரு வசனம் சொன்னீங்க. மரகதம் படி வரைக்கும் போயி, திரும்பி வந்து, பைய வச்சிட்டு, "கோவிச்சுக்கிட்டுப் போகக்கூட எனக்கு ஒரு பொறந்த வீடு இல்லியே மாமா! காஹாங்குல ஆளில்லாம நின்னவளத்தானே கூட்டிக்கிட்டு வந்தீங்க!"ம்பா. சிரிப்புக் காட்சிதான். ஆனா அத நான் சொல்லி முடிச்சப்ப லைட்மேன் கண்ணத் தொடச்சாரு. "எங்கண்ணே புடிச்சீங்க இத?"ன்னு கேட்டேன். "வீட்டுல கேட்டது"ன்னீங்க. அண்ணிக்குக் கோவம் வந்தா பையோட வாசல் கேட்டு வரைக்கும் போவாங்களாம். அப்புறம் பைய வச்சிட்டுப் பூச்செடிக்குத் தண்ணி ஊத்திட்டு உள்ள வந்துடுவாங்களாம்.

ஆஸ்பத்திரியில, ஆபரேசனுக்கு முன்னால, அண்ணி டாக்டரப் பாக்கப் போன நேரத்துல நீங்க என் கையப் புடிச்சீங்க. "ருக்கு, எனக்கு ஏதாச்சும் ஆனா, கருமாதி அன்னைக்குப் பாக்கியத்துக்குக் கோடி போட ஆளில்லடி. அத்தனை சனத்துக்கு முன்னால அவ அனாதையா உக்காந்திருப்பா. நீ பாத்துக்க"ன்னீங்க. எனக்கு வந்துச்சே கோவம்! "வாயில நல்ல வார்த்தையே வராதா உங்களுக்கு?"ன்னு கத்திட்டேன். நர்ஸ் எட்டிப் பாத்தாங்க. ஆனா சரின்னும் சொன்னேன். நீங்க கேட்டு நான் எதுக்கு இல்லன்னு சொல்லியிருக்கேன்?

கோடின்னா என்னன்னு இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்குத் தெரியாம இருக்கலாம். புருசன் போயிட்டா, அந்தப் பொம்பளைக்குப் பொறந்த வீட்டுலேர்ந்து ஒரு புதுச் சேலை கொண்டாந்து தோள்ல போடணும். எங்க பொண்ணுக்கு நாங்க இருக்கோம்னு ஊருக்குச் சொல்ற சேலை. எனக்கு இந்தச் சடங்குல பாதி புடிக்காது, உங்களுக்கே தெரியும். உங்க மகன் குமாரும், நீங்க போன சேதி கேட்டு சிங்கப்பூர்லேர்ந்து வந்த உடனேயே, "அம்மா பொட்டுல எவனும் கை வைக்கக் கூடாது"ன்னு கண்டிசனா சொல்லிட்டான். ஆனா கோடி விசயத்துல அண்ணிதான் வாயத் தொறந்து கேட்டாங்க. "எனக்கு யாரு ருக்கு கொண்டு வருவா?"ன்னு, ஒரே ஒரு தடவ. அதுக்கப்புறம் அத எப்படி விட முடியும்?

கருமாதி அன்னைக்கு உங்க வீட்டு வாசல்ல கூடாரம் போட்டாச்சு. தாமான் தெரு முழுக்க கார். சனம்னா சனம்! உங்க பஸ்ல போன பொண்ணுங்க, இப்ப கெழவிங்க, ஒரு கூட்டமா வந்து நின்னாங்க. நான் ஒரு சேலை வாங்கி மடியில வச்சிருந்தேன். உள்ள அண்ணி தலையக் குனிஞ்சு உக்காந்திருக்காங்க. உங்க பெரியப்பா மக, செரம்பான் அக்கா, அவங்கதான் எல்லாத்துக்கும் தலைமை. அந்தக் குரலு உங்களுக்கே பயம். "பொறந்த வீட்டுக் கோடி யாரு? வாங்க முன்னால!"ன்னாங்க.

யாரும் வரல.

நான் எந்திரிச்சேன். செரம்பான் அக்கா கையக் குறுக்க நீட்டுனாங்க. "நீ எங்கம்மா வர்ற? நீ அவனுக்குத் தங்கச்சி முறை. மாப்ள வீட்டு ஆளு. நாத்தனார் நீ எப்படிப் பொறந்த வீட்டுக் கோடி போடுவ?"ன்னாங்க. எனக்கு ஒடம்பெல்லாம் பத்திக்கிட்டு வந்துச்சு. ஆனா அவங்க சொன்னதுல தப்பு என்ன? வாழ்க்கை முழுக்க உங்கள அண்ணேன்னு கூப்பிட்டுட்டு, அன்னைக்கு ஒரு நாள் மட்டும் அண்ணிக்குத் தங்கச்சியா மாற முடியுமா? அண்ணி நிமிந்து என்னப் பாத்தாங்க. பரவால்ல ருக்கு, உக்காருன்னு கண்ணாலயே சொன்னாங்க. அந்தப் பார்வையத்தான் என்னால தாங்க முடியல. உங்களுக்குக் குடுத்த வாக்கு என் மடியில சுருண்டு கெடந்துச்சு.

அப்பத்தான் அந்த வேன் வந்து நின்னுச்சு.

ஒரு வயசான அம்மா எறங்குனாங்க. அஞ்சலைன்னு பேருன்னு அப்புறம் தெரிஞ்சுது. பின்னால ரெண்டு மகனுங்க, மருமகளுங்க. கையில தாம்பாளம், அதுல வெத்திலை, பூ, மடிச்ச சேலை. செருப்ப ஒதறிட்டு விறுவிறுன்னு உள்ள வந்தாங்க. அண்ணியத் தாண்டி வந்தாங்க. நேரா என்கிட்ட வந்தாங்க. என்னக் கட்டிப் புடிச்சுக்கிட்டு, "எங்க காஹாங்குப் பொண்ணே, மரகதமே, பொறந்த வீடு இல்லன்னு அழுதியே, நாங்க இல்லியா தாயி!"ன்னு ஒப்பாரி வச்சு, நான் என்ன ஏதுன்னு சுதாரிக்கிறதுக்குள்ள அந்தக் கோடிச் சேலைய என் தோள்ல போட்டுட்டாங்க!

நெனச்சுப் பாருங்கண்ணே. நான் மஞ்சக் குங்குமத்தோட நிக்கிறேன். தோள்ல கோடி. எங்க வீட்டுக்காரர், நான் டிவியில நடிக்கிறதுக்கே மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிற மனுசன், சனத்துக்குக் காப்பி குடுத்துக்கிட்டு வந்தவர், தட்டோட அப்படியே நின்னுட்டாரு. அப்புறம் அந்த எடமே அதிர, "ஐயோ அம்மா! நான் இன்னும் உசிரோடதான் இருக்கேன்!"ன்னு கத்துனாரு.

முதல்ல சிரிச்சது யாருன்னு நெனைக்கிறீங்க? அண்ணி. வாயப் பொத்திப் பாத்தாங்க, முடியல. தோளு குலுங்குது. அழுதுக்கிட்டே சிரிக்கிறாங்க. அப்புறம் குமாரு, அப்புறம் கூடாரமே. பஸ்ஸுப் பொண்ணுங்க ஒருத்தர் மேல ஒருத்தர் விழுந்து சிரிக்கிறாங்க. செரம்பான் அக்கா கூட முந்தானைய வாயில அடைச்சுக்கிட்டாங்க. நீங்க போனதுலேர்ந்து அந்த வீட்டுல ஒரு சிரிப்புச் சத்தம் கேக்கல. சுவத்துல இருந்த உங்க படத்தப் பாத்தேன். கதவுல சாஞ்சு நிக்கிற அதே மூஞ்சி.

பாவம் அஞ்சலையம்மா. விசயம் புரிஞ்சதும் ரெண்டு கன்னத்துலயும் போட்டுக்கிட்டாங்க. "புருசன் இருக்கிறவளுக்குக் கோடி போட்டுட்டேனே பாவி"ன்னு அழுகை. "ஒண்ணும் ஆகாதும்மா, எங்க வீட்டுக்காரருக்குச் சர்க்கரை ஒண்ணத் தவிர கல்லு மாதிரி இருக்காரு"ன்னேன். அப்புறம் அவங்க கையப் புடிச்சு அண்ணி முன்னால கூட்டிக்கிட்டுப் போனேன். "அம்மா, பஞ்சு மாமாவோட பொண்டாட்டி இவங்கதான். காஹாங்குல வளந்த பொண்ணும் இவங்கதான். பொறந்த வீடு இல்லன்னு நான் டிவியில அழுதேனே, அது இவங்க கதைதான்"ன்னேன்.

அந்த அம்மா அண்ணிய மேலயும் கீழயும் பாத்தாங்க. "இந்த அமோயா?"ன்னாங்க. அண்ணி எந்திரிச்சு நின்னு, "அமோய்தாம்மா. ஆனா பால் வாளி தூக்குன தோளு"ன்னு அந்தத் தோட்டத்துப் பேச்சுலயே சொன்னாங்க. எந்தத் தோட்டம், எத்தனாவது லயத்து வீடுன்னு ரெண்டு பேரும் பேசிக்கிட்டாங்க. ரெண்டு தோட்டத்துக்கும் நடுவுல ஒரு ஆறுதானாம். அஞ்சலையம்மா கேட்டாங்க, "உனக்குக் கோடி வந்துச்சாம்மா?" அண்ணி, "இல்லம்மா"ன்னாங்க.

"அப்புறம் என்ன. நான் வாங்குனது பஞ்சு பொண்டாட்டிக்கு. காஹாங்குப் பொண்ணுக்கு. ஆளு சரி, தோளுதான் மாறிப் போச்சு."

என் தோள்லேர்ந்து அந்தச் சேலைய எடுத்தாங்க. மகனுங்க ரெண்டு பேரும் அண்ணன் தம்பியா ரெண்டு பக்கமும் நின்னாங்க. அண்ணி தோள்ல போட்டாங்க. வெள்ளை இல்லண்ணே. வெங்காயத் தோல் நெறம், மெல்லிசா கரை. "எங்க பொண்ணுக்கு நாங்க வெள்ள குடுக்க மாட்டோம்"னு அந்த அம்மா சத்தமா சொன்னாங்க. செரம்பான் அக்கா தடுக்கல. "பொறந்த வீட்டுக் கோடி ஆச்சு, அடுத்தவங்க வாங்க"ன்னு மட்டும் சொன்னாங்க. 

நீங்க எழுதுன ஒரு சிரிப்பு வசனம். அத எங்கயோ ஒரு தோட்டத்து வீட்டுல உக்காந்து ஒரு பொம்பள நெசம்னு நம்பி, இத்தனை வருசமா மனசுல வச்சிருந்து, தாம்பாளத்தோட வேன் ஏறி வந்திருக்காங்க. காமெடி பண்றவனுக்கு என்ன மரியாதை இருக்குன்னு நீங்க ஒரு நாள் அலுத்துக்கிட்டீங்களே? இதுக்கு மேல என்ன மரியாதைண்ணே வேணும்?

போகும்போது அஞ்சலையம்மாவோட மருமக செல்போன நீட்டுனா. பழக்கத்துல அண்ணி கை தானா வாங்கப் போச்சு. நான் வெடுக்குன்னு புடுங்கிட்டேன். "போங்க, போயி நடுவுல நில்லுங்க"ன்னேன். காஹாங்குக்காரங்க எல்லாரும் சுத்தி நின்னாங்க, அண்ணி நடுவுல, வெங்காயத் தோல் சேலையோட. எனக்குப் படம் எடுக்க வராது. ஒரு மகன் தலை பாதிதான் விழுந்துச்சு. அண்ணி மட்டும் முழுசா விழுந்திருக்காங்க, அது போதும்.

"கோடி போட்டவங்க பொண்ண அழைக்காம வெறுங்கையோட போகக் கூடாது"ன்னு அந்த அம்மா பிடிவாதம் புடிச்சாங்க. குமாரும் போயிட்டு வாங்கம்மான்னான். அண்ணி ஒரு பைய எடுத்துக்கிட்டுக் கெளம்புனாங்க. வாசல் கேட்டுக்கிட்ட நின்னு என்னத் திரும்பிப் பாத்தாங்க. பூச்செடிக்கு நான் தண்ணி ஊத்திக்கிறேன், நீங்க போங்கன்னேன். வேன் ஏறிட்டாங்கண்ணே. பையோட கேட்டத் தாண்டிப் போயிட்டாங்க.

நேத்து சாயங்காலம் போன் பண்ணாங்க. அங்க டிவியில நம்ம பழைய நாடகம் மறுபடியும் போடுறாங்களாம். வீடே உக்காந்து பாத்திருக்கு. நீங்க மூச்சு வாங்கிக்கிட்டு வந்து, "மரகதம்... தண்ணி!"ன்னிருக்கீங்க. அண்ணி எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிட்டாங்களாம். தேத்தண்ணி கலக்கி, ஆத்தி, தம்ளரோட வந்து டிவி முன்னால நின்னப்பதான் சுய நெனவே வந்துச்சாம். யாரும் சிரிக்கலையாம். அஞ்சலையம்மா கொஞ்சம் நகந்து எடம் விட்டு, "உக்காரும்மா, ஆறிப் போறதுக்குள்ள நீயே குடி"ன்னாங்களாம்.

"குடிச்சேன் ருக்கு. நல்லாத்தான் இருந்துச்சு"ன்னாங்க அண்ணி.

நானும் எங்க வீட்டுக்காரரும் வர்ற சனிக்கிழமை காஹாங்குக்குப் போறோம். பொறந்த வீட்டுக்குப் போன பொண்ண அழைச்சிட்டு வர மாப்ள வீட்டுலேர்ந்துதானே ஆள் போகணும்? அன்னைக்குக் கோடி போட விடாத அதே முறைதான், இன்னைக்கு என்னப் போகச் சொல்லுது. நீங்க வர முடியாது. அதனால நான் போறேன். இந்தத் தடவ மட்டும் இல்ல. அண்ணி எப்பப் போனாலும், கோவிச்சுக்கிட்டுப் போனாலும், உங்க வீட்டுலேர்ந்து அழைக்க ஒரு ஆள் வந்து நிக்கும். இது நான் உங்களுக்குக் குடுக்கிற வாக்கு.

டிவியில உங்க மரகதம்,
அண்ணிய அழைக்கப் போற நாத்தனார்,
என்னைக்கும் உங்க தங்கச்சி,
ருக்குமணி
உலு திராம், ஜொகூர்